கிழமையும் மணியும்

அறுவைச் சிகிச்சைக் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் அந்த அறைக்கு அவள் வந்து பதினோரு வருடம். துணிப்பொதியைத் தொட்டே உள்ளே இருப்பது கத்தரியா, இடுக்கியா என்று சொல்லிவிடுவாள். பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றதும் அந்தப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிறகுதான் நிரந்தரம். வேலையில் அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்கு ஆங்கிலத்தில் போட வேண்டிய மெயிலில்தான்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு முன்னால் 'ஆன்' போடாமல் 'இன்' போட்டுவிட்டாள். நிர்வாகி அதை நர்சுகள் நடுவில் சத்தமாக வாசித்தார். "திங்கட்கிழமை என்ன டப்பாவா, உள்ள போறதுக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள்.

எட்டாவது படிக்கும் மகள் உதவிக்கு வந்தாள். "கிழமைக்கு ஆன், மணிக்கு அட், மாசத்துக்கு இன். அவ்வளவுதாம்மா."

"காலையிலன்னா?"

"இன்."

"ராத்திரின்னா?"

"அட்."

"ஏண்டி, ராத்திரி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது அப்படித்தான். விடும்மா."

பஸ் ஓட்டும் கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, "நாங்க போர்டுல வெறும் மணியத்தான் எழுதறோம். ஜனங்க ஏறத்தான் செய்யறாங்க" என்றான்.

"அந்த மணிக்கு உங்க பஸ் என்னிக்கு வந்திருக்கு, அதைச் சொல்லுங்க முதல்ல."

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய மேற்பார்வையாளர் அனுப்பிய மெயில்களில் பொருத்தமான ஒன்றை எடுத்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றி அனுப்புவது. சின்னச் சொற்கள் இருந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்ப்பதாக மெக்கானிக் சொல்லியிருந்தார். செவ்வாய் என்றிருந்த பழைய மெயிலில் வியாழன் என்று மாற்றினாள். ஆன், அட், இன் மூன்றையும் விரல் வைத்து மூன்று தடவை சரிபார்த்தாள். அனுப்பினாள்.

வியாழன் எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது. தியேட்டர் நர்ஸ்.

"அக்கா, கால் முறிஞ்ச கேஸ் ஒண்ணு அவசரமா சேத்திருக்கோம். கருவி செட் கீழ வந்துட்டிருக்கு. பதினொண்ணு வரைக்கும் மெஷின் ஓடும்னு மெயில்ல போட்டிருக்கீங்கல்ல? பத்தரைக்கு மயக்க மருந்து கொடுத்துருவாங்க. அதுக்குள்ள அனுப்பிடுங்க."

அவள் போனை வைத்தாள். கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தாள். கிழமை சரி. ஆன், அட், இன் எல்லாம் சரி. மணி மட்டும் பழைய மெயிலின் மணி. பதினொன்று.

மெக்கானிக் ஏற்கெனவே நீராவிக் குழாயின் திருகில் கை வைத்திருந்தார்.

"அண்ணே, மூடாதீங்க! ஒரே ஒரு லோடு. அம்பது நிமிஷம்."

"உங்களுக்காக நான் இங்க நின்னா, அங்க மூணு இடத்துல என்னைத் தேடுவாங்கம்மா."

"மேல ஒரு ஆளு காலை உடைச்சிக்கிட்டுப் படுத்திருக்காரு அண்ணே."

அவர் திருகை விட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒரு காப்பி உங்க ஆபீசுக்குப் போகும். மெஷின் சூடு ஆறலன்னு எழுதுங்க. யாருக்கும் வம்பில்ல."

பேனா தாளின் மேல் நின்றது. நிரந்தரத்துக்கான உத்தரவில் நிர்வாகி மறுநாள்தான் கையெழுத்துப் போட இருந்தார். இயந்திரத்தின் மேல் பழி போட்டால் அது மறுத்துப் பேசாது. ஆனால் பதினொன்று என்று போட்டது இயந்திரம் இல்லையே. 'மெயிலில் நேரத்தை நான் தவறாகப் போட்டுவிட்டேன்' என்று தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, வந்து சேர்ந்த செட்டை இயந்திரத்துக்குள் தள்ளிக் கதவைத் திருகினாள். ஐம்பது நிமிடமும் அழுத்தமானியின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பத்தே காலுக்குச் செட் மேலே போய்ச் சேர்ந்தது.

மாலையில் நிர்வாகி கூப்பிட்டார். மேசையில் மெயிலும் படிவமும் அருகருகே கிடந்தன.

"இங்கிலீஷ்ல ஒரு குத்தம் சொல்ல முடியல" என்றார். "நேரந்தான் தப்பு."

"ஆமா சார்."

"மெஷின் சூடுன்னு எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரிஞ்சிருக்காது சார்."

அவர் படிவத்தை இன்னொரு முறை பார்த்தார். "நிரந்தரம் இப்ப முடியாது. இன்னும் மூணு மாசம் பாக்கலாம்."

"சரி சார்."

அறைக்குத் திரும்பி, மறுநாள் அனுப்ப வேண்டிய மெயிலை வெற்றுப் பக்கத்தில் ஆரம்பித்தாள். முதலில் மணி எத்தனை என்பதைத் தட்டினாள். அதன் முன்னால் வர வேண்டிய சின்னச் சொல்லுக்குக் கொஞ்சம் இடம் விட்டுவைத்தாள்.