ஜப்பான் மொழியில் ஒரு திருத்தம்

ஜெர்மனியின் பான் நகரத்துப் பள்ளி ஒன்றில், காய்கறி தொடாத பிள்ளைகளுக்கு ஜப்பானியச் சமையல் வகுப்பு நடக்கிறது. நெற்றியில் சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைத் துணி கட்டிய ஆசிரியர் யாழ்ப்பாணத்து ராசன். சோற்றுக்குள் வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டி முடித்ததும் கைகூப்பி, “நல்லாச் சாப்பிடுங்கோ” என்கிறார். ஜப்பான் மொழி என்று நம்பிப் பிள்ளைகள் தலைகுனிந்து திருப்பிச் சொல்கிறார்கள். பெற்றோர் பக்தியோடு படம்பிடிக்கிறார்கள்.

“அண்ணே, இது ஜப்பான் பாஷையா?” என்று, வகுப்பைப் பார்க்க வந்த நான் அவர் காதோரம் கேட்கிறேன்.

“ஜப்பான் எண்டாத்தான் தம்பி வெள்ளரிக்காய் உள்ள போகுது. யாழ்ப்பாணம் எண்டா ஆர் பிள்ளையளை அனுப்புவினம்?”

எனக்கும் ஒரு தட்டு வருகிறது. மதுரைக்காரன் வழக்கப்படி, “நல்லா சாப்பிடுங்க” என்கிறேன். பக்கத்து ஜெர்மன் சிறுமி முகம் சுளிக்கிறாள்.

“சாப்பிடுங்கோ!” என்று அழுத்தித் திருத்துகிறாள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, சரியாகச் சொல்கிறேன்.