இறம்பொடைப் பள்ளத்தாக்கில் ஒன்பது கிலோமீட்டரும் ஒரு கோழியும்

நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். கண்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும், இறம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பும்போது கீழே காட்டுக்குள் ஓர் ஆறு வெள்ளையாகத் தெரிந்து மறையும். "ஒருநாள் அந்தக் கரையோரமா நடக்கணும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் நஸ்ரின். எதிர்ப்புறத்தில் துணிக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதி. போன பெப்ரவரியில், பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முந்தின நாள், கடையைப் பூட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"வசந்தி, நாளைக்குப் போறமா? இல்ல, இன்னும் பன்னிரண்டு வருஷம் பஸ்ஸுல இருந்தே பாக்கப் போறியா?"

காலை 6.15 கண்டி பஸ்ஸைப் பிடித்தோம். இறம்பொடைக்கு ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு 160 ரூபாய். கடைத்தெருவில் ரொட்டியும் கட்டசம்பலும் பிளேன்டீயும் இரண்டு பேருக்கும் 420. நடை தொடங்கும் இடம் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன். ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், ஓட்டோவுக்கு 700. எங்கள் ஓட்டோக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்காளுங்க கீழ எறங்க ஓட்டோ கெடைக்காம அலையிறாங்க. நீங்க ஓட்டோ புடிச்சி வந்து நடக்கப் போறீங்களே அக்கா!"

இறக்கிவிட்டபோது மட்டும் முகம் மாறியது. "ராத்திரி மேல மழைங்க. பாதி வழியில ஆத்தத் தாண்டணும். தண்ணி முட்டிக்கு மேல இருந்தா திரும்பி வந்துருங்க."

8.20க்கு நடக்க ஆரம்பித்தோம். முதல் ஒரு கிலோமீட்டர் தேயிலை. பிறகு மலை சட்டென்று மடிந்து காடாகிவிடுகிறது. வெயில் அங்கங்கே காசு காசாக விழுந்து கிடந்தது. ஆறு எங்களுக்கு இடது பக்கம், சில இடங்களில் பத்தடி தள்ளி, சில இடங்களில் சத்தம் மட்டும். இறக்கம் கடுமையில்லை, ஆனால் இலைச்சருகு ஈரமாக இருந்ததால் முதல் அரை மணி நேரத்தில் நஸ்ரின் மூன்று தடவை உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் விழுந்த இடத்திலேயே இருந்து என்னையும் என் யோசனையையும் திட்டினாள். நாளைக்கே போகலாம் என்றது அவள்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

மரம்போல் உயர்ந்த பன்னச் செடிகளுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. கால்களை நனைத்தோம். தண்ணீர் ஐஸ். மேலே மந்திக் கூட்டம் ஒன்று எங்களைப் பார்த்துக் குரைப்பதுபோல் கத்தியது. நஸ்ரின் பதிலுக்குக் கத்தினாள். நாற்பத்தைந்து வயதுப் பெண் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அங்கேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

10.50க்கு நாலரைக் கிலோமீட்டரில், ஆற்றைத் தாண்டும் கடவை. அங்கிருந்த பலகைப் பாலத்தில் இரண்டு முளைக்கட்டைகள்தான் மிச்சம். ஆறு பதினைந்தடி அகலம், பழுப்பு நிறம், நடுநடுவே கற்கள். நஸ்ரின் ஒரு தடியால் ஆழம் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழேதான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இறைவனை அழைத்தபடியே கடந்துவிட்டாள். அவ்வளவு நேரம் விழுந்துகொண்டே வந்தவள்!

நான் முதல் கல்லில் காலை வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க நான்தான் பக்கவாட்டில் ஓடுவதுபோல் இருந்தது. அக்கரையிலிருந்து நஸ்ரின் கூப்பிட்டாள், கெஞ்சினாள், பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போவதென்றால் அவளும் மறுபடி ஆற்றைக் கடந்து நாலரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ரப்பர் செருப்பு, கையில் ஒரு துணிப்பை. பைக்கு வெளியே ஒரு கோழியின் தலை.

"ஏன் புள்ள நிக்கிறீங்க?"

"பயமா இருக்குக்கா."

ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இதப் புடிங்க. பேரனுக்கு நாப்பது நாள் ஆவுது, மகளுக்குக் கறி ஆக்கிக் குடுக்கக் கொண்டு போறேன். நா முன்னுக்குப் போறேன். நா மிதிக்கிற கல்லையே மிதிச்சி வாங்க. கோழிய மட்டும் நனைச்சிறாதீங்க."

மறுக்க நேரமில்லை, கோழி என் கைக்கு வந்துவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னைவிட அதற்குப் பயம். மெதுவாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவருடைய குதிகாலைப் பார்த்து நடந்தேன். நடுவில் இடது கால் வழுக்கி முழங்கால்வரை இறங்கியது. பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். நஸ்ரின் எழுந்து நின்று, "கோழி! கோழி!" என்று அலறினாள். என் பெயரை அல்ல.

அக்கரையில் கால் வைத்தபோது கோழியின் ஓர் இறகுகூட நனைந்திருக்கவில்லை. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"நா விழுந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கோழி போயிருக்கும், வேறென்ன?" என்றார். அவர் பெயர் பாக்கியம். இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர்.

மீதி வழி அவருடன்தான். அந்த ரப்பர் செருப்புக்கு நாங்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. 1.40க்கு கீழ் டிவிஷனில் அவர் மகள் இருக்கும் லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளை, அடைந்தோம். விடைபெறலாம் என்று நின்றோம். அவர் மகள் விடவில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கு, கொச்சிக்காய்ச் சம்பல், தேத்தண்ணி. குழந்தையை நஸ்ரின் மடியில் வாங்கினாள். ஆற்றை உடுப்பு நனையாமல் கடந்தவளை அவன் இரண்டே நிமிடத்தில் நனைத்துவிட்டான். 3.45 பஸ்ஸில் கால்கள் மரத்துப்போய், வாய் ஓயாமல் வீடு திரும்பினோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. முந்தின இரவு மேலே மழையா என்று தோட்டத்து ஆட்களிடம் கட்டாயம் கேளுங்கள்; தண்ணீர் முழங்காலைத் தாண்டினால், யார் கையில் என்ன இருந்தாலும், திரும்பிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம். அட்டைக் கடிக்கு உப்புத் தண்ணீர், மாற்றுக் காலுறை, பிடிமானமுள்ள சப்பாத்து வேண்டும். எங்களுக்குச் செலவு இரண்டு பேருக்கும் 1,760 ரூபாய்.

நடைக்கு ஐந்து மணி நேரம் போதும். ஆனால் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வழி முடியும் இடத்தில் யாராவது, "உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். நேரமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.