சிவப்புக் கோடு பிரியவில்லை

அந்தப் பொம்மை ஜீப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பொம்மை மேல் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு ஜீப் ஷெட்டில் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஷாப்ட் மாட்டுவது என் வேலை. எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு அது. ஓட்டத்தில் கழன்று ரோட்டில் குத்தினால் வண்டியே கவிழும். நான் மாட்டியது ஒன்றுகூடக் கழன்றதில்லை. ஷெட்டில் எனக்கிருந்த மரியாதை அதனால்தான். வேறு எதுவும் என்னிடம் கிடையாது.

கொத்தமங்கலத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அவருடைய ஜீப்புக்கு எங்கள் ஷெட்டில்தான் வேலை. அந்தத் தடவை கையில் ஒரு பொம்மை ஜீப்போடு வந்தார். முழ நீளம். ரேடியோப் பெட்டியில் விசையைத் தள்ளினால் பாறைமேல் ஏறுமாம். நாலு சக்கரத்துக்கும் இழுவை. நடுவில் மோட்டார், முன்னுக்கு ஒரு தண்டு, பின்னுக்கு ஒரு தண்டு. முன்தண்டு அடிக்கடி கழன்று விழுகிறது என்றார்.

"ஞாயித்துக்கிழமை செம்புறாங்கல் குழியில ஏத்திக் காட்டுறேன்னு ஊருக்கே சொல்லிட்டேன். மானத்த வாங்கிறாதப்பா."

பிரித்துப் பார்த்தேன். தண்டின் நுனியில் குறுக்கே ஊசி கனத்தில் ஒரு பின். அதன் இரண்டு முனையும் சக்கரப் பக்கத்துக் கிண்ணியில் மாட்டிக்கொண்டு சுற்றும். பின் நழுவாமல் பிடிக்கத் தலையில்லாத ஒரு குட்டித் திருகாணி. யாரோ எண்ணெய் விட்டு முடுக்கியிருந்தார்கள். எண்ணெய் இருந்தால் எப்படி நிற்கும்?

பெட்ரோலில் கழுவித் துடைத்தேன். பின்னில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. திருகாணி நுனி அந்தத் தட்டையில் உட்காரும்படி திருப்பி வைத்தேன். திருகாணி இளகாமல் இருக்க மரையில் விடுகிற பசை எங்கள் ஷெட்டில் கிடையாது. பேன்சி ஸ்டோரில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி ஒரு சொட்டு விட்டு முடுக்கினேன். பிறகு திருகாணியிலிருந்து தண்டுவரை அதிலேயே ஒரு கோடு போட்டேன். பெரிய ஜீப் நட்டுக்குப் பெயின்டில் போடுவோம், அதே மாதிரி. திருகாணி இம்மி அசைந்தாலும் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

முழுசாக ஒரு நாள் காயவிட்டேன். முதலாளி வந்து ஆட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்கிது" என்றார். அவர் வாயால் சொன்னது அது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியோடு நானும் போனேன். கல் வெட்டியெடுத்த குழி ஓரத்தில் கூட்டம். ஜீப்புக்குச் சந்தனம், குங்குமம். அதுவரைக்கும் சரி. புது வண்டிக்கு வைப்பதுபோல நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

"ஐயா, இதுக்குக் கனமில்ல. பழம் நசுங்காது. எடுத்துருங்க" என்றேன்.

"சாஸ்திரத்துக்கு நாலு பழம். ஒனக்கு எங்குட்டு வலிக்கிது?" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

பழமா அது, பச்சைக் காய். விசையைத் தள்ளினார். வண்டி முக்கியது, நகரவில்லை. அவர் மச்சான் சும்மா இருக்கவில்லை.

"எலுமிச்சங்காயே ஏற மாட்டேங்கிது, இது மலை ஏறப்போகுதாக்கும். மாமா, உப்பும் சோடாவும் வாங்கியாரவா?"

கூட்டம் சிரித்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ரேடியோப் பெட்டியை மச்சானிடம் கொடுத்தார். "முழுசாத் தள்ளு மாப்ள, விடாத" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் வண்டியை மேலிருந்து அமுக்கினார். ஆள் கனம் மொத்தமும் அதன் மேல். சக்கரம் சுற்ற வழியில்லை, மோட்டார் மட்டும் தண்டை முறுக்கியது.

"வேணாம்யா!" என்று கத்தினேன்.

டிக். முன்தண்டு மண்ணில் விழுந்தது.

"என்னத்தடா முடுக்கின? ஊர் முன்னாடி நிக்க வச்சிட்டியே!" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

தண்டை எடுத்துக் காட்டினேன். பின்னின் இரண்டு முனையும் ஒடிந்துபோயிருந்தன. நடுத்துண்டு திருகாணிக்கு அடியில் அப்படியே இருந்தது. சிவப்புக் கோடு பிரியவில்லை.

"கோட்டப் பாருங்கய்யா. கழலல. நீங்க அமுக்குனதுல ஒடிஞ்சிருக்கு."

யாரும் பார்க்கவில்லை. முதலாளி பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சிங்கப்பூர்க்காரரிடம் திரும்பி, "பய அவசரத்துல விட்டுட்டான்ணே. மனசுல வச்சுக்கிறாதீக" என்றார்.

எனக்கு அப்போது வயது முப்பத்துநாலு. பய.

திரும்பி வரும்போது கேட்டேன். "நீங்கதான ஆட்டிப் பாத்தீக?"

"பாத்தேன். அதுக்கு? அவுக வண்டி நம்மகிட்ட வருது. ஒரு சொல்லு கேட்டா கொறஞ்சா போயிருவ?"

குறைந்துதான் போனேன். மறுநாளிலிருந்து நான் நட்டு முடுக்கும்போதெல்லாம் ஷெட்டில் ஒருத்தன் எலுமிச்சம்பழம் வேணுமா என்று கேட்டான். அடுத்தவன் சிரித்தான்.

மறு வாரம் சிங்கப்பூர்க்காரருடைய பெரிய ஜீப் வந்தது. ஷாப்ட்டில் சத்தம். முதலாளி ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

"பொம்மைய முடுக்கத் தெரியாதவங்கிட்ட ஜீப்ப ஏன் குடுக்குறீக?"

"வெளையாடாத. அவுக பிள்ளைகள்லாம் இதுலதான் போகுது."

"அப்ப அவுககிட்டச் சொல்லுங்க. அன்னைக்குப் பின்னு ஒடிஞ்சதுதான்னு. அந்தா நிக்கிறாக."

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பானரை இன்னும் பக்கத்தில் நீட்டினார்.

ஸ்பானரை வாங்கினேன். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? எட்டு நட்டும் முடுக்கினேன். எட்டுக்கும் கோடு போட்டேன். கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, தேவகோட்டை பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஒரு ஷெட்டில் சேர்ந்துகொண்டேன்.

முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "பின்னு ஒடிஞ்சதுன்னு அவுககிட்டச் சொல்லிட்டாரான்னு கேளு. சொல்லியிருந்தா வாரேன்" என்றேன்.

மூன்றாவது தடவை ஆள் வரவில்லை.