கன்றுகளுக்குள் இறங்கிய டிராக்டர்

அந்தக் காட்டில் எந்த மரம் விழ வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பார்த்து மஞ்சள் பெயிண்டில் குறி போடுவது அவள் வேலை. நகக்கண்ணெல்லாம் மஞ்சள் ஏறியிருந்ததால் மரம் வெட்டுகிறவர்கள் அவளுக்கு 'மஞ்சக்கை' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவனான அவள் தம்பி, "மத்தவங்க தொட்டா துலங்கும், எங்கக்கா தொட்டா விழும்" என்று சிரிப்பான்.

மேட்டுச் சரிவில் மட்டும் அவள் யாரையும் சிரிக்க விடமாட்டாள். அங்கே பெரிய மரங்களின் விதை விழுந்து, யாரும் நடாமலே முளைத்த கன்றுகள் இடுப்பளவுக்கு நின்றன. மான் கடிக்காமல் வேலி போட்டு, மேலே கிளைகளை மெல்ல மெல்லத் திறந்து வெயில் விட்டு, கண்ணுக்குள் வைத்து வளர்த்தவை. இனி தாய் மரங்களை எடுத்தால்தான் அவை நிமிரும். எடுக்கும்போது ஒன்று தப்பாகச் சாய்ந்தால் அத்தனையும் கூழ்.

அன்று தம்பி அறுத்த மரம் பாதைப் பக்கமாகத்தான் சாய்ந்தது. பாதி வழியில் பக்கத்து மரத்தின் கவையில் மாட்டி நின்றுவிட்டது. மாட்டிய வேகத்தில் ஒடிந்த கிளை ஒன்று தம்பியின் காலை மண்ணோடு அழுத்திப் பிடித்தது. அவன் தலைக்கு மேலே மொத்த மரமும் கிறீச்சிட்டுக்கொண்டு தொங்கியது.

அவள் ஓடிவந்து மரம் மாட்டியிருந்த பக்கத்தைப் பார்த்தாள். மரம் இழுக்கும் டிராக்டர் பாதையில் நின்றது; அங்கிருந்து இழுத்தால் அடிமரம் அவன் மேல்தான் உருளும். வேலிக்குள்ளிருந்து எதிர்ப்பக்கமாக இழுத்தால் மட்டுமே விலகும்.

"அண்ணே, வேலியை உடைச்சு உள்ள போங்க!" என்று கத்தினாள்.

டிராக்டர்க்காரர் தயங்கினார். "கன்னுங்க இருக்கேம்மா... நேத்து ஒண்ணு மேல சக்கரம் பட்டதுக்கே என்னைக் காய்ச்சி எடுத்தியே?"

"போங்கண்ணே! எல்லாம் நாசமாப் போனாலும் பரவாயில்ல!"

வேலி அறுந்தது. சக்கரத்துக்கடியில் கன்றுகள் சடசடவென்று ஒடியும் சத்தத்துக்கு நடுவே, இரும்புக் கயிற்றை அடிமரத்தில் அவளே மாட்டிவிட்டு ஓடி விலகினாள். கயிறு விறைத்தது. மரம் அசையவில்லை. தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். மறுபடி இழுத்ததும் அடிமரம் வெட்டுக்கட்டையை விட்டு வழுக்கிக் கன்றுகளுக்குள் பாய, மேல்மரம் அவனுக்கு அப்பால் அதிர்ந்து தரையில் விழுந்தது.

தலைக்கு வந்தது காலோடு போயிற்று. எலும்பு முறிவு, கட்டுப் போட்டார்கள்.

மாதங்கள் கழித்து அவன் நொண்டிக்கொண்டே சரிவுக்கு வந்தான். ஒடிந்த கன்றுகளை அடியை ஒட்டி அறுத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"என்னாலதானேக்கா இதெல்லாம் போச்சு?"

"அறுத்துவிட்டா அடியிலேர்ந்து துளிர்க்கும்டா. நீ போயிருந்தா துளிர்ப்பியா?"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மரம் அறுக்க அவன் திரும்பவே இல்லை. மரக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

மழைக்குப் பிறகு பல கட்டைகள் துளிர்த்தன. சக்கரம் ஏறி இறுகிய மண்ணில் மட்டும் முள்தான் மண்டியது. அவள் முள்ளை வெட்டி, மண்ணைக் கொத்திவிட்டாள். ஓரத்தில் மிஞ்சியிருந்த இரண்டு தாய் மரங்களை வெட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தாள். அவை இன்னொரு முறை விதை உதிர்க்க வேண்டும். அதுவரை, மறுபடி கட்டிய வேலியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.