ஒத்தை ஓட்டு ஆர்வில்

வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடக்கும், செனட்டருக்கு ஓட்டுக் கேட்கும் பலகையை நிமிர்த்தி நட்டு, பூட்ஸ் காலால் நாலு மிதி மிதித்து மண்ணை இறுக்குகிறார் ஆர்வில் டோஃப்ட். தேர்தல் சூடு பிடித்ததிலிருந்து தினமும் காலையில் இதே வேலை. சாய்த்தது காற்றா, ஆளா என்று ஆராய்வதில்லை. "மொண்டானாவுல காத்துக்கும் கட்சி இருக்கு போல" என்று முனகிவிட்டு, நாடீன் கடைக்குக் காபி குடிக்கப் போய்விடுவார்.

எழுபத்தொரு வயது. போர்வெல் போடும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு ஒரு காதைக் கொடுத்தவர். நாற்பது வருஷமாக அந்த வட்டாரத்துக்கே அவர்தான் கிணறு தோண்டினார். எந்தப் பண்ணையில் எத்தனை அடியில் தண்ணீர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். புது இடத்துக்குப் போனால், மண்ணைக் கிள்ளி நுனி நாக்கில் வைத்துப் பார்க்காமல் திரும்ப மாட்டார்.

பத்து வருஷத்துக்கு முன் செனட்டர் மல்லுக்கட்டி, தொண்ணூறு மைல் தள்ளியிருந்த ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். ஆர்விலின் தொழில் அதோடு படுத்தது.

அந்த ஊர்ச் சாவடியில் மொத்தம் நாற்பத்து மூன்று ஓட்டு. முடிவைப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் எதிராளிக்கு நாற்பத்திரண்டு, செனட்டருக்கு ஒன்று. அது யார் போட்டது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. 'ஒத்தை ஓட்டு ஆர்வில்' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

"யோவ், உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட ஆளுக்கே ஓட்டுப் போடுறியே, ரோசம் வேண்டாமா?" என்பார் மாட்டுப் பண்ணைக்கார லெஸ்டர்.

"நான் உனக்கு எடுத்துக் குடுத்தது என்ன தண்ணி? உப்பு. உன் மாடே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகும். நல்ல தண்ணி கொண்டாந்தது அந்தாளு. அதைக் குடிச்சுட்டுத்தான் நீ அவரைத் திட்டுற. திட்டு, தொண்டை காயாம திட்டு."

கடையே சிரிக்கும். லெஸ்டரும் சிரிப்பார்.

இந்த முறை போட்டி கடுமை. ஆளைவிட மாடு அதிகமுள்ள மாநிலத்தில் சில நூறு ஓட்டுதான் வித்தியாசம் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. லெஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பெரிசு, ஒரே ஒரு தடவை விட்டுக்குடேன். நாப்பத்து மூணும் ஒண்ணா விழுந்துச்சுன்னு ஊருக்குப் பேரு வரட்டும்."

"நான் சேந்துட்டா நீங்க யாரப்பா கிண்டல் பண்ணுவீங்க? பேசாம காபியக் குடி."

தேர்தலன்று, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பனியில் நடந்துபோய் முதல் ஆளாக ஓட்டுப் போட்டார்.

மறுநாள் காலை செய்தியில், தொள்ளாயிரத்துச் சொச்சம் ஓட்டில் செனட்டர் ஜெயித்துவிட்டார் என்றார்கள். ஆர்வில் பள்ளிக்கூடக் கதவுக்குப் போனார். எதிராளிக்கு நாற்பத்தொன்று. செனட்டருக்கு இரண்டு. விரலை வைத்து மறுபடியும் படித்தார். இரண்டுதான்.

நாடீன் கடைக்குள் நுழைந்தபோது ஒன்பது பேர் இருந்தார்கள். நாடீன் துடைத்த மேசையையே துடைத்தாள். லெஸ்டர் கரைந்துபோன சர்க்கரையை இன்னும் கலக்கிக்கொண்டிருந்தார். கேட்டால் யாராவது சொல்லியிருக்கக் கூடும். ஆனால் அந்த இரண்டாவது ஓட்டாவது ரகசியமாக இருக்கட்டும் என்று ஆர்விலுக்குத் தோன்றியது.

வாசலில் நின்றபடியே தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒருவர் விடாமல் ஒன்பது பேருக்கும் தலை வணங்கினார்.