இருமுறை வளைந்த புகைக்குழாய்

இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவன் நான். கப்பல் பழுதுபார்க்கும் துறையில் தலைமைப் பொறியாளராக உயர்ந்து, எவரும் குறை சொல்லாத வகையில் ஓய்வுபெற்றேன். அதன்பின் சேர்ந்த மாதிரிப் படகுச் சங்கத்திலும், எஞ்சின் குறித்து நான் சொல்லும் முடிவை எவரும் மறுத்ததில்லை. இதை முதலில் எழுதக் காரணம், என் பெயரோடு சேர்த்து இன்று வேறொரு கதை பேசப்படுவதுதான்.

சங்கத்தில் எனக்கு நெருக்கமானவர் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நண்பர். ஒரு மாலை, நீர்த்தேக்கக் கரையில் ரிமோட்டைப் பிடித்தபடியே மாரடைப்பால் சாய்ந்தார். நாங்கள் அவரைத் தாங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவருடைய பெட்ரோல் படகு தண்ணீரில் தானாகவே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் கரைக்கல்லில் மோதி நின்றது. எஞ்சினின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுசெல்லும் குழாய், நாங்கள் ஹெடர் என்று சொல்வது, நசுங்கிப்போயிற்று.

துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவர் மனைவி இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தவர் வெளியே வராமல் வீட்டிலிருக்கும் அந்த மாதங்களில் அந்நிய ஆண்கள்முன் வருவதில்லை. ஆகையால் திரைக்குப் பின்னாலிருந்தே பேசினார்.

"அண்ணே, அந்தப் படகை நான் ஒரு நாளும் வந்து பாத்ததில்ல. பொம்மைய வச்சிக்கிட்டு வெயில்ல நிக்கிறாங்கன்னு ஏசிக்கிட்டேதான் இருந்தேன். மவன் வித்துடலாங்கிறான். இத்தா முடிஞ்சு நான் வெளிய வர்ற அன்னிக்கு ஒருதரம் ஓட்டிக் காட்டுவீங்களா?"

"ஓடும்," என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தப் பழைய எஞ்சினுக்கு ஹெடர் எந்தக் கடையிலும் இல்லை. உபி தொழிற்பேட்டையில் சங்க உறுப்பினர் ஒருவர் வைத்திருந்த பட்டறையில் நானே செய்யத் தொடங்கினேன். மெல்லிய எஃகுக் குழாயை வெறுமனே வளைத்தால் மடிப்பு விழும். ஆகவே ஈரம் போக வறுத்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, சிவக்கக் காய்ச்சி, அச்சின்மேல் வளைத்தேன். பிறகு மணலைக் கொட்டிவிட்டு, எஞ்சினோடு பொருந்தும் தகட்டை வெள்ளிப் பற்றாசால் இணைத்தேன். நசுங்கிய பழைய குழாயின் முனை ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது. மோதியதில் நேர்ந்த கோணல் என்று கருதி, என் வரைபடத்தில் அதைச் சேர்க்கவில்லை.

தேநீர் அருந்திவிட்டு வந்து பார்த்தேன். ஆறிய புதுக் குழாய் அதே பக்கம் சாய்ந்திருந்தது.

"என்ன சார், வரைஞ்சது ஒண்ணு, வந்தது ஒண்ணா இருக்கு?" என்றார் பட்டறைக்காரர்.

"பற்றாசு வைத்த சூடு இழுத்திருக்கும்," என்றேன்.

இரண்டாவது குழாயை இரும்புச் சட்டத்தில் இறுக்கி வைத்து இணைத்தேன். முழுவதும் ஆறும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தேன். திருகுகளைத் தளர்த்தியபோது மெல்லிய முனகலோடு அது நகர்ந்தது. பழைய குழாயை அருகில் வைத்தோம். சாய்வில் வேறுபாடு இல்லை.

"பாய் பக்கத்துலயே நின்னு அளவு சொல்றாரு போல லா," என்று பட்டறைக்காரர் சிரித்தார். சிரித்தவர், என் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவை அகலத் திறந்துவைத்தார். படகில் பொருத்தினோம். அந்தச் சாய்வோடுதான் சைலன்சரில் சரியாக அமர்ந்தது.

இத்தா முடிந்த பின், ஒரு முற்பகலில் மகன் தாயை அழைத்துவந்தார். நண்பர் வழக்கமாக நின்ற இடத்தை அந்த அம்மையார் அறியமாட்டார். அங்கிருந்து தொலைவில் ஒரு மழைமரத்தடியில் தனியே நின்றுகொண்டார். நான் ரிமோட்டை எடுத்தேன். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. குழாயில் கசிவில்லை, ஒலியும் சுத்தமாக இருந்தது. என் வாக்கு நிறைவேறியது என்று எண்ணிய கணத்தில் படகு திரும்பியது. வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, மழைமரத்தை நோக்கி நேர்கோட்டில் சென்றது. அவர் காலடியில் கரையை மெல்லத் தொட்டு, எஞ்சின் நின்றது.

அம்மையார் அதிரவில்லை. குனிந்து, தினமும் சொல்லிப் பழகியவர்போல், "போதும், வெயில் ஏறுது. வீட்டுக்கு வாங்க," என்றார். மகன் படகைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டார். அது விற்கப்படவில்லை.

அன்றே ரிமோட்டையும் சுக்கானையும் பிரித்துச் சோதித்தேன். எதிலும் பழுதில்லை.

அந்த அம்மையாரின் ஆறுதலுக்காக நான்தான் படகை அவரிடம் செலுத்தினேன் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். சிலர் என் கையைப் பற்றிப் பாராட்டவும் செய்தார்கள். அது உண்மையன்று. நான் படகை எதிர்க்கரைக்குத்தான் திருப்பியிருந்தேன்.