கட்சிக் கரை போட்ட பட்டு வேட்டி

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்ததிலேயே என் வயசு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் காஞ்சிபுரத்திலேயே ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கவர்மென்ட் உத்தியோகம் கிடையாது.

"பாஸ் பண்ணா மட்டும் போதுமாம்மா? பெரிய மனுஷனப் போய்ப் பாக்கணும்," என்றார் எதிர்வீட்டுக்காரர். பெரிய மனுஷன் என்றால் ஆளுங்கட்சியின் நகரச் செயலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் வீங்க வீங்கத் தட்டிப் படித்தது நான். நடுவில் சிபாரிசு செய்ய இவன் யார்?

என் அப்பா, நைனா, நான் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் பட்டு நெசவாளி. வேறு யாராவது என்றால் ஒரு தட்டுப் பழமும் கடைச் சால்வையுமாகப் போய்க் காரியத்தை முடித்திருப்பார்கள். "நெசவாளி வூட்லேர்ந்து கடைத் துணியா எடுத்துக்கினு போறது? அசிங்கம்மா," என்றார். முதலாளிக்கு நெய்ய வேண்டிய சேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, கட்சிக் கொடியின் நிறங்களைக் கரையாக வைத்து ஒரு பட்டு வேட்டிக்குத் தறியில் பாவு நூல் ஏற்றினார். கரை துளி கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி நெய்தார். அந்த மகானுபாவர் இடுப்புக்கு அவ்வளவு ஒழுங்கு!

இதற்கிடையில் தேர்தல் வந்து இன்டர்வியூ தள்ளிப்போனது. ஆளுங்கட்சி தோற்றது. "தோத்தா இன்னா, ஆபீஸ்ல இருக்கறவன் பூரா அவரு ஆளுதான்," என்றார் எதிர்வீட்டுக்காரர். அதுவும் சரிதான் என்று, வேட்டியைத் தறியிலிருந்து அறுத்த அன்றைக்கே, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக்கொண்டு நைனாவும் நானும் செயலாளர் வீட்டில் போய் நின்றோம்.

முந்தின நாள்தான் அவர் ஜெயித்த கட்சிக்குத் தாவியிருந்தார். எங்களுக்கு எப்படித் தெரியும்? வேட்டியைப் பிரித்தார், கரையைப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது.

"இன்னாய்யா, கிண்டலா? இந்தக் கரையக் கட்டிக்கினு நான் தெருவுல எறங்கினா என் மானம் இன்னாத்துக்கு ஆவுறது?"

நைனா பவ்யமாகச் சொன்னார்: "பாவு ஏத்தும்போது ஐயா அந்தக் கட்சிலதான இருந்தீங்க?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நைனாவுக்குக் கிண்டல் செய்யவே தெரியாது, நடந்ததைத்தான் சொன்னார். "வெளிய போய்யா!" என்று கத்தினார் பெரிய மனுஷன்.

அடுத்த வாரம் இன்டர்வியூ. "யாரும்மா சொல்லி வந்த?" இதுதான் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. யாரும் சொல்லவில்லை என்றதும் போகச் சொல்லிவிட்டார்கள். வெளியே பியூன் பரிதாபப்பட்டார். "ஏம்மா வெயில்ல அலையற? செயலாளரோட மச்சான் தேர்தலுக்கு ரொம்ப முன்னாடியே வந்து குந்திக்கினாரு. இதெல்லாம் சும்மா சாங்கியத்துக்கு." சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மச்சான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அடப்பாவி!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினேன். "நைனா, வேட்டியால ஒண்ணும் ஆவல. நீ பாவு ஏத்தறதுக்கு முன்னாடியே ஆளப் போட்டுட்டானுங்க!"

அவர் நம்பவில்லை. "இல்லம்மா. நான் இன்னும் கொஞ்சம் சுருக்கா நெய்ஞ்சிருந்தா, அவரு மாறறதுக்குள்ள குடுத்திருக்கலாம்."

அந்த வேலை போயிற்று, வயசும் தாண்டிற்று. பெண் ஏன் உத்தியோகத்துக்குப் போகவில்லை என்று உறவுக்காரர்கள் யாராவது கேட்டால், "என் கை மெதுவு, அதான்," என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வேன். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதாம்மா போச்சு," என்றார். இல்லை நைனா, இல்லை என்று அழுதேன். அப்போதும் அவர் நம்பவில்லை.